நேவிகேஷன் திரையில் பெயர் மேல் பெயர்: எந்தத் திருத்தம் நல்லது?

ஃப்ளைட்கியர் என்ற இலவச விமான சிமுலேட்டரில் ஹீத்ரோவிலிருந்து கிளம்பியதும், பறக்கும் பாதையைக் காட்டும் நேவிகேஷன் டிஸ்ப்ளேயின் ரேஞ்சை (திரை காட்டும் தூரத்தை) 40 கடல் மைலிலிருந்து 160-க்குத் திருப்பிப் பாருங்கள். தனித்தனியாக நின்ற வேபாயிண்ட்டுகளின் (வானில் பெயரிட்டுக் குறித்த புள்ளிகளின்) பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். கணக்கு எளிது. விமானச் சின்னத்துக்கு மேலே 800 பிக்சல் இடம் என்று வைத்துக்கொள்வோம். 40 ரேஞ்சில் ஒரு மைலுக்கு 20 பிக்சல், 160-ல் வெறும் 5. பக்கவாட்டில் 6 மைல் தள்ளியிருக்கும் இரண்டு வேபாயிண்ட்டுகளுக்கு நடுவே 120 பிக்சல் இருந்தது 30 ஆகிவிடுகிறது. 24 பிக்சல் எழுத்தில் ஐந்தெழுத்துப் பெயர் சுமார் 70 பிக்சல் அகலம் கேட்கும்.

பலரும் முதலில் கைவைப்பது எழுத்தளவில்தான். 24-ஐ 16 ஆக்கினாலும் பெயர் சுமார் 47 பிக்சல் வரும்; 30-க்குள் அடங்காது. இன்னும் குறைத்தால் முப்பரிமாண காக்பிட்டில் அந்த எழுத்தைப் படிக்கவே முடியாது. எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை.

எழுத்துக்குப் பின்னால் கறுப்புக் கட்டம் போடுவது அடுத்தது. ஃப்ளைட்கியரில் திரைகளை வரையும் கேன்வாஸ் அமைப்பில் அதற்கு வசதி இருக்கிறது. கோடுகளின் மேல் வரும் எண்ணுக்கு அருமையாக உதவும். பெயர் மேல் பெயர் வரும்போது, அடியில் இருப்பது பாதி மறைந்து வேறு பெயர் மாதிரித் தெரியும். அது இன்னும் ஆபத்து.

பெயரை இடம் மாற்றலாமா? வலப்பக்கம் இடித்தால் இடப்பக்கம், இல்லையென்றால் மேலே, கீழே. வரைபடக்காரர்கள் காலகாலமாகச் செய்வது. வடக்கு மேலே இருக்க அசையாமல் நிற்கும் பிளான் மோடில் இது அழகாக வேலை செய்யும். விமானம் போகும் திசை மேலே இருக்கும் மேப் மோடில், விமானம் திரும்பும்போதெல்லாம் படமும் சுழல்கிறது. பெயர்கள் அங்கும் இங்கும் தாவும். வளைவில் பறக்கும்போது கண் அதைத்தான் துரத்தும்.

என் ஓட்டு நாலாவது வழிக்கு: முக்கியமில்லாத பெயரை மறைப்பது. நிஜ விமானங்களும் இப்படித்தான் நெரிசலைக் குறைக்கின்றன. போயிங் 737-ல் பாதையில் இல்லாத வேபாயிண்ட்டுகள் 40 மைல் வரையிலான ரேஞ்சில் மட்டுமே தெரியும். 80 அல்லது அதற்கு மேல் வைத்தால், தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டி நிலையங்களில் உயரத்தில் பறப்பதற்கானவை மட்டும். ஏர்பஸ் ஏ320-ல் விஓஆர், என்டிபி (இரண்டும் ரேடியோ வழிகாட்டி நிலைய வகைகள்), விமான நிலையம் என்று ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

ஃப்ளைட்கியரின் நிரல்மொழியான நேசலில் இதை எழுதுவதும் கஷ்டமில்லை. அடுத்துப் போக வேண்டிய வேபாயிண்ட், பிறகு பாதையில் உள்ளவை, அப்புறம் விமான நிலையம், விஓஆர் என்று வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு பெயரின் செவ்வகத்தையும், ஏற்கெனவே வைத்தவற்றோடு ஒப்பிடுங்கள். இடித்தால் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, சின்னத்தை விட்டுவையுங்கள். விமானி ரேஞ்சைக் குறைத்தால் பெயர் தானாக வந்துவிடும். இதை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓட்ட வேண்டாம். நொடிக்கு ஒருமுறை போதும்.

சரி, எந்த ரேஞ்சிலும் இடிக்கிறது, அல்லது இன்ஜின் திரையில் இடிக்கிறது என்றால் இவை எதுவும் உதவாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த எஸ்விஜி படக்கோப்பில் இருக்கும் ஃபான்ட் சிமுலேட்டரில் இல்லாமல், அகலமான வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கலாம். எண்ணை இடப்பக்கம் ஒட்டி வைத்திருந்தாலும் அப்படித்தான்: 99.9 வரை சரியாக இருக்கும், 100.0 ஆனதும் பக்கத்திலுள்ள சதவீதக் குறியின் மேல் ஏறும். வலப்பக்கம் ஒட்டி வைத்தால் எண் இடப்பக்கமாக வளரும், குறி தப்பித்துவிடும்.