யமஹா ரீஃபேஸ் ஒய்சி: இரண்டு கிலோவில் ஒரு சபை ஆர்கன்

காணிக்கை எடுக்கும் நேரம், திருவிருந்துக்கு மக்கள் வரிசையாக வரும் நேரம். பாடகர் குழு அமர்ந்திருக்க, கருவிகள் மட்டும் பேசும் நேரம் அது. பெங்களூர்த் தமிழ்ச் சபையொன்றில் அந்தப் பத்து நிமிடத்தை டிரம்ஸ், பேஸ் கிட்டார், சாக்ஸஃபோன், ஆர்கன் என்று நாலு பேர் சேர்ந்து ஜாஸ், ஃபங்க், சோல் நடையில் கீர்த்தனை வாசித்து நிரப்ப நினைத்தால், முதலில் இடிப்பது ஆர்கன்தான். சபையில் இருப்பது பெரும்பாலும் ஸ்டைல் (தானாக ஓடும் தாளமும் பின்னணியும்) போட்டு வாசிக்கும் கீபோர்டு. அதிலும் ஆர்கன் என்ற பெயரில் பல டோன்கள் உண்டு. ஆனால் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) பிடித்தபடியே அதன் உடம்பைப் பெருக்கவோ இளைக்கவோ அவற்றில் வழி இருக்காது. 2015-ல் வந்த ரீஃபேஸ் ஒய்சி இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் தனியாகத் தீர்க்காது. கூட ஒரு பெடலும் ஒரு பெரிய கீபோர்டும் வேண்டும்.

இந்த இசைக்கு ஆர்கன் இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் உண்டு. பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களையும் மனதில் வைத்தே ஹேமண்ட் ஆர்கன் 1935-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டன. பிரசங்கம் ஏறும்போது ஆர்கனும் ஏறும், ஜெபம் தணியும்போது அதுவும் தணியும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிம்மி ஸ்மித் போன்றவர்கள் 1950-களில் ஜாஸ் மேடைக்கு எடுத்துச் சென்றார்கள். ஜாஸ் ஆராதனைக்கு ஆகுமா என்று மூப்பர்கள் கேட்டால், ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் 1965-லேயே சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரலில் புனித இசைக் கச்சேரி நடத்தியதைச் சொல்லலாம். சபைக்கு வெளியேயும் இந்த ஊற்று ஓடியிருக்கிறது. கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து ஆர்கனில் பஜனை வாசித்த ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் குரு சுவாமி சச்சிதானந்தர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துக்காரர்.

பழைய ஹேமண்ட் பி-3, பெஞ்ச், கால் கட்டைகளோடு சேர்த்து 190 கிலோவைத் தாண்டும். ரீஃபேஸ் ஒய்சி 1.9 கிலோ. ஐந்து ஆர்கன் வகைகள் இதில் உண்டு. நமக்கு வேண்டியது ஹேமண்டைப் போன்ற எச் வகை மட்டுமே. மற்ற நான்கும் பழைய டிரான்சிஸ்டர் ஆர்கன்கள். ராக் பாட்டுக்கு அழகு, கீர்த்தனைக்குக் கூர்மை அதிகம். முகப்பில் ஒன்பது ட்ராபார்கள் (ஒலியின் ஒவ்வொரு அடுக்கையும் கூட்டிக் குறைக்கும் நகரும் பிடிகள்), பெர்கஷன், வைப்ரேட்டோ, டிஸ்டார்ஷன், ரிவெர்ப், இடப்பக்கம் சுழலும் ஸ்பீக்கர் போல ஒலிக்கச் செய்யும் ரோட்டரி லீவர். மெனு கிடையாது, திரையும் கிடையாது. எல்லாம் விரல் நுனியில். இதுதான் இதன் மிகப் பெரிய நன்மை.

ட்ராபார்கள் இடமிருந்து 16, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 அடி (பைப் ஆர்கன் குழலின் நீளத்தை வைத்த பெயர்). 8 அடிதான் நீங்கள் தொடும் ஸ்வரம். 16 ஒரு ஸ்தாயி கீழே, 4 ஒரு ஸ்தாயி மேலே. 2⅔ அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். இந்த வரிசை மனப்பாடமானால் செட்டிங் என்று தனியாக எதையும் எழுதி வைக்க வேண்டியதில்லை.

மெல்லிய ஜெபப் பின்னணிக்கு 16-ஐயும் 8-ஐயும் முழுசாகத் திறந்து, 1 அடியைக் கால் பங்கு மட்டும் திறங்கள். ரோட்டரி மெதுவில். ஜாஸ் மெலடிக்கு முதல் மூன்றையும் முழுசாகத் திறந்து மற்ற ஆறையும் மூடுங்கள். பெர்கஷனில் இரண்டு வகை உண்டு. தட்டிப் பார்த்து, மேல் பஞ்சமம் கேட்கும் வகையை எடுத்து, நீளத்தைக் குறைத்து வைத்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் மரக்கட்டையில் தட்டிய மாதிரி ஒரு 'டிக்' வரும். ஃபங்குக்கு இதோடு 4 அடியைப் பாதி சேர்த்து, கார்டுகளை வெட்டி வெட்டி வாசிக்கலாம். கடைசிச் சரணம் உயரும்போது ஒன்பதையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். முதலில் 4 அடி, நாலு அளவு (பார்) கழித்து 2⅔-உம் 2-உம், கடைசியில் மேல் மூன்று. பிறகுதான் ரோட்டரியை வேகத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் உச்சிக்கு மேல் போக இடமிருக்காது.

ரோட்டரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாசிப்பவர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். ஹேமண்டோடு வைக்கும் அசல் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டிக்குள் மேலே ஒரு குழலும் கீழே ஒரு உருளையும் சுழலும். மெதுவில் நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று, வேகத்தில் சுமார் 400. இலேசான குழல் சட்டென்று வேகமெடுக்கும், கனமான உருளை சில விநாடி தாமதித்தே வரும். இந்த இசையின் உயிர் அந்த மாறும் விநாடிகளில்தான் இருக்கிறது. ஆகவே வேகத்திலேயே விட்டு வாசித்தால் தலைசுற்றும், மெதுவிலேயே விட்டால் உறங்கும். ஒரு நீண்ட கார்டைப் பிடித்து, அடுத்த வரி தொடங்க இரண்டு தாள அடி இருக்கும்போது லீவரைத் தள்ளுங்கள். வரி முடிந்ததும் இழுத்துவிடுங்கள். இந்தப் பழக்கம் வர இரண்டு வாரம் போதும்.

இனி எக்ஸ்பிரஷன் பெடல், அதாவது காலால் சத்தத்தை ஏற்றி இறக்கும் பெடல். இது இல்லாமல் இந்தக் கருவியை வாங்குவது வீண் என்றே எங்கள் கணிப்பு. ஆர்கன் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெதுவாகத் தொட்டாலும் சத்தம் ஒன்றுதான். அழுத்தம், தணிவு, மூச்சு எல்லாம் வலது காலில் இருக்கிறது. யமஹாவின் எஃப்சி7 பெடல் இதற்குப் பொருந்தும். வேறு நிறுவனத்தின் பெடலை மாட்டினால் சில சமயம் தலைகீழாக வேலை செய்யும், அல்லது நடுவில் சத்தம் ஒரே தாவாகத் தாவும். ஜாக்கின் நுனியும் வளையமும் நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாற்றி இணைக்கப்பட்டிருப்பதே காரணம். பெடல் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடவேண்டாம். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அதற்கான கேபிளை நுனி, வளையம் மாற்றிப் பற்றவைத்து வாங்கிக்கொள்ளலாம்.

இதன் பெருங்குறை கட்டைகள். 37 கட்டை, மூன்றே ஸ்தாயி, அதுவும் சிறிய அளவு. ஒரே வரிசை என்பதால் இடது கையில் பேஸ், வலது கையில் மெலடி என்ற ஆர்கன் ட்ரியோ முறைக்கு இடமில்லை. உள்ளங்கையால் வழிக்கும் அந்த நீண்ட சறுக்கல், சோல் ஆர்கனின் கையெழுத்து, சின்னக் கட்டையில் சரியாக வராது. ஆகவே சபையில் ஏற்கெனவே இருக்கும் 61 கட்டைக் கீபோர்டை இதோடு இணைப்பதுதான் வழி. இங்கே பலர் தவறுவார்கள். ஒய்சியின் யுஎஸ்பி துளை கணினியோடு பேசத்தான். யுஎஸ்பி மட்டும் உள்ள கீபோர்டை அதில் நேராகச் செருகினால் ஒன்றும் நடக்காது. ஐந்து முள் மிடி அவுட் (எந்தக் கட்டை தொடப்பட்டது என்பதை இன்னொரு கருவிக்குச் சொல்லும் இணைப்பு) உள்ள கீபோர்டு வேண்டும். அதை ஒய்சியோடு வரும் சிறு பிரிப்புக் கேபிளின் மிடி இன் முனையில் செருகுங்கள். கீபோர்டின் சொந்தச் சத்தத்தை அதன் 'லோக்கல்' செட்டிங்கை ஆஃப் செய்தோ, வால்யூமை இறக்கியோ அடக்குங்கள். அதில் ஸ்டைல் ஓடவே கூடாது, ஓடினால் தாளக் குறிப்பெல்லாம் ஆர்கன் சத்தமாகக் கொட்டிவிடும். பியானோ மாதிரி கனத்த கட்டையுள்ள கீபோர்டும் ஒத்துவராது. சறுக்கும்போது கை நோகும். ஒய்சியை இடது ஓரத்தில் மேலே வைத்தால் லீவரும் ட்ராபாரும் இடது கைக்கு எட்டும்.

பிட்ச் பெண்ட் லீவர் இதில் இல்லை. கமகம் நிறைந்த கீர்த்தனையின் மெலடியை ஆர்கனில் வாசித்தால் படிக்கட்டில் இறங்குவது போல் இருக்கும். அதைச் சாக்ஸஃபோனிடமோ ஸ்லைடு கிட்டாரிடமோ விட்டுவிடுங்கள். ஸ்லைடு கிட்டார் நம் கோட்டுவாத்தியத்துக்கு உறவு. அமெரிக்காவின் ஹவுஸ் ஆஃப் காட் சபைகளில் ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிட்டாரே ஆராதனையை நடத்துவது பல தலைமுறை வழக்கம். ஆர்கன் கார்டைத் தாங்கட்டும்.

எந்த ராகத்துக்கு எப்படித் தாங்குவது? கரகரப்பிரியா சாயல் உள்ள கீர்த்தனைதான் சோல் ஜாஸுக்கு இயல்பாகப் பொருந்தும், அது டோரியன் ஸ்கேலேதான். டியை ஷட்ஜமாக வைத்தால், இடது கையில் எஃப், ஏ, சி, ஈ. பேஸ் கிட்டார் டி வாசிக்கும். அடுத்த அளவில் சியை மட்டும் பிக்கு இறக்குங்கள், பேஸ் ஜிக்குப் போகட்டும். ஒரே விரல், நிஷாதத்திலிருந்து தைவதத்துக்கு நகர்ந்ததில் மைனர் கார்டு ஜி 13 ஆகிவிட்டது. ராகத்துக்கு வெளியே ஒரு ஸ்வரம்கூடப் போகவில்லை. இந்த இரண்டு கார்டை வைத்தே பத்து நிமிடம் ஃபங்க் ஓட்டலாம். கல்யாணியில் சி ஷட்ஜமென்றால் எஃப் மேஜர் கார்டைத் தொடாதீர்கள், பிரதி மத்யமத்தோடு மோதும். டி மேஜர் போடுங்கள். சங்கராபரணத்தில் சியிலிருந்து எஃப் போகும் முன் சி 7 போட்டால் சபைக்குரிய அந்த உருக்கம் வரும். ஆனால் அதிலுள்ள பி ஃபிளாட் ராகத்துக்கு வெளியாள். மெலடி காகலி நிஷாதத்தில் நிற்கும் அடியில் அதைப் போட்டால் காது கடிக்கும்.

தாளத்தில் ஒரு வசதி. திஸ்ர நடைக் கீர்த்தனை எதுவும் 12/8 மெதுநடை காஸ்பலுக்கு அப்படியே உட்காரும். ஆதி தாளம் நாலு நாலாக இரண்டு அளவு. டிரம்மர் 2-இலும் 4-இலும் அடிக்க, மக்கள் 1-இலும் 3-இலும் கைதட்டுவார்கள். ஆர்கன் 1-இல் நீண்ட கார்டாக நின்றால் இரண்டு பக்கமும் தடுமாறாது.

ஒலிபெருக்கி பக்கம் வந்தால், இடம், வலம் இரண்டு அவுட்டையும் இரண்டு டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்சருக்குக் கொடுங்கள். சுழற்சி உணர்வு ஸ்டீரியோவில்தான் முழுசாகத் தெரியும். ஒரே சேனல்தான் உண்டென்றால் எல்/மோனோவில் மட்டும் செருகுங்கள். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தேவாலயங்களைப் போல உயர்ந்த கூரையுள்ள இடத்தில் ரிவெர்பைப் பூஜ்யத்தில் வையுங்கள், கட்டடமே போதிய எதிரொலி தரும். பேஸ் கிட்டார் இருந்தால் 16 அடியைப் பாதியாகக் குறைத்து, இடது கையை நடு சிக்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு மேல் இறக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே பள்ளத்தில் நின்றால் இரண்டுமே கேட்காது. டிஸ்டார்ஷன் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கட்டை தொடும்போது வரும் சிறு 'க்ளிக்' சத்தத்தைக் கோளாறென்று சவுண்ட் ஆள் ஈக்யூவில் வெட்டுவார். ஹேமண்டைச் செய்தவர்களும் முதலில் அதைக் குறையென்றே நினைத்தார்கள். இன்று அது இல்லாவிட்டால் ஆர்கன் போல இருக்காது.

பிரசங்கம் நீளும்போது கருவி தானாக அணைந்துவிடுவது இன்னொரு தொல்லை. தொடாமல் விட்டால் அணையும் ஆட்டோ பவர் ஆஃப் வசதிதான் காரணம். ஆகக் கீழ்க் கட்டையைப் பிடித்தபடி பவர் போட்டால் அது நீங்கும். 12 வோல்ட் அடாப்டரில் இரைச்சல் வந்தால் ஆறு ஏஏ பேட்டரி போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் மின் இணைப்பில். பேட்டரி சுமார் ஐந்து மணி நேரம் தாங்கும். உள்ளிருக்கும் ஸ்பீக்கர்கள் தலா 2 வாட். அறையில் பயிற்சிக்குச் சரி, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்குத் தெருவில் கேட்காது. பேட்டரி ஆம்ப்ளிஃபையர் கூடவே வேண்டும்.

செகண்ட் ஹேண்டாக வாங்குகிறீர்களென்றால், ஒரு கட்டையைப் பிடித்தபடி ஒன்பது ட்ராபாரையும் ஒவ்வொன்றாக மெல்ல நகர்த்திக் கேளுங்கள், கரகரப்பு இருந்தால் தூசி ஏறியிருக்கிறது. லீவர் ஒவ்வொரு நிலையிலும் நிற்கிறதா பாருங்கள். மிடி பிரிப்புக் கேபிள் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், அடிக்கடி காணாமல் போவது அதுதான். கருவியிலேயே செட்டிங்கைச் சேமிக்கும் பொத்தான் கிடையாது. பாட்டுக்குப் பாட்டு கையால் மாற்ற வேண்டும். அது பிடிக்காதவர்களும், இரண்டு கையாலும் தனியாக வாசிக்க விரும்புபவர்களும் இதை விட்டுவிட்டு 61 கட்டையுள்ள மேடை ஆர்கனுக்குக் காசு சேர்ப்பது மேல். சபையில் ஐந்து முள் மிடியோடு ஒரு பழைய கீபோர்டு இருந்து, பேஸ் வாசிக்கத் தனி ஆள் இருந்தால், முதலில் பெடலை வாங்கிவிட்டு இதை வாங்குங்கள்.