38,500 ரூபாய்க்கு ஒரு ரெசிஸ்டர்: “7 பிஎஸ் ஏத்தித் தர்றேன்” என்கிற பைக் டியூனிங் கடைகளிடம் உஷார்

38,500 ரூபாய். அக்கா பையன் டெலிவரி ஓட்டிச் சேர்த்த காசு. கோவையில் ஒரு டியூனிங் கடையில், சிரித்த முகத்தோடு, கூகுள் பே ரசீதோடு போயிற்று. கடைப் பெயரைப் போட்டால் பதிவைத் தூக்க வைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. வெளியே ஆறேழு டியூக் பைக் நிற்கும், உள்ளே ரேஸ் ஹெல்மெட் மாட்டியிருக்கும், இன்ஸ்டாகிராமில் சைலன்சரில் தீ கக்கும் ரீல் ஓடும். அந்த மாதிரிக் கடை. அடுத்த பையன் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடைசியில் எப்படித் தப்பிப்பது என்று விவரமாகச் சொல்கிறேன், முதலில் இவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

வண்டி 155 சிசி, லிக்விட் கூல்டு, கம்பெனிக் கணக்கில் 10,000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) 18.4 பிஎஸ் (குதிரைத் திறன்). பையனின் குறை ஒன்றே ஒன்று: பின்னால் ஆள் ஏறினால் பிக்கப் பத்தவில்லை. கடைக்காரர் “ஸ்டேஜ் 2 பண்ணுனா 25 பிஎஸ் வரும் தம்பி, 200 சிசி வண்டிய ஓவர்டேக் எடுப்பீங்க” என்றிருக்கிறார். பில் இப்படி: பவர் சிப் 14,500, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் 16,000, ஏர் ஃபில்டர் 4,500, டைனோ (பின் சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் மெஷின்) ஓட்டமும் லேபரும் 3,500. மொத்தம் 38,500.

அவன் யோசித்திருக்கிறான். அங்கேதான் அந்த ஆள் போட்ட தூண்டில்: “இப்ப ஒரு பைசா தர வேண்டாம் கண்ணு. டைனோல ஏத்திக் காட்றேன், பேப்பரப் பாத்துட்டு மனசு ஒப்புச்சுன்னாக் குடு.” இப்படிச் சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? வண்டியை உருளை மேல் ஏற்றி, பெல்ட் கட்டி, லேப்டாப்பை டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகி, ஸ்கிரீனில் கலர் கலராக கிராஃப் ஓடவிட்டிருக்கிறார்கள். டீ வந்திருக்கிறது. வேலைக்கு முன்னால் ஒரு பேப்பர், 15.6 பிஎஸ். வேலைக்குப் பிறகு இன்னொரு பேப்பர், 25.2 பிஎஸ். பையன் அங்கேயே பணம் அனுப்பிவிட்டான்.

அந்த இரண்டாவது பேப்பர் இப்போது என் மேஜையில் இருக்கிறது. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு கால்குலேட்டர் போதும். பவர் என்பது டார்க்கையும் (முறுக்கு விசை) ஆர்பிஎம்மையும் பெருக்கியது, வேறொன்றுமில்லை. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024 ஆல் வகுத்தால் பிஎஸ் வந்துவிடும். பேப்பரில் 9,500 ஆர்பிஎம்முக்கு நேராக டார்க் 11.9 என்று இருக்கிறது. பெருக்கி வகுத்தால் 16.1 பிஎஸ். அதே வரிசையில் பவர் கட்டத்தில் 25.2 என்று அச்சாகியிருக்கிறது! பவர் எண்ணை மாற்றத் தெரிந்த ஆளுக்கு டார்க் எண்ணையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் பேப்பரில் அதே 9,500-ல் டார்க் 11.5, அதாவது 15.6 பிஎஸ், கணக்குச் சரியாக வருகிறது. ஆக உண்மையில் கூடியது அரை பிஎஸ். அரை பிஎஸ்ஸுக்கு 38,500 ரூபாய்.

25 பிஎஸ் சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு: இந்த இன்ஜின் 10,000 ஆர்பிஎம்மில் 25 பிஎஸ் தர வேண்டுமானால் அந்தச் சுற்றில் 17.6 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். ஒரு லிட்டர் (1,000 சிசி) இன்ஜின் கணக்கில் பார்த்தால் 113. பிஎம்டபிள்யூவின் சூப்பர் பைக் எஸ் 1000 ஆர்ஆர் 999 சிசியில் எடுப்பது 113 நியூட்டன் மீட்டர். இன்ஜினுக்குள்ளே கேம் மாற்றாமல், ஹெட்டைத் தொடாமல், போர் பெரிதாக்காமல் ஒரு ஃபில்டரும் ஒரு குழாயும் வைத்து 155 சிசி வண்டியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டாராம் இவர்.

அடுத்தது சிப். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, இரண்டு ஒயர், ஒரு நீல லைட். ஒயர் ஏர்பாக்ஸ் பக்கம் இருக்கும் காற்று வெப்ப சென்சாருக்குப் போகிறது. பெட்டியைப் பிளந்து எபாக்ஸியைச் சுரண்டினேன். உள்ளே லைட்டுக்கு ஒன்று, சென்சார் ஒயரோடு தொடராக (சீரிஸில்) ஒன்று, ஆக இரண்டு ரெசிஸ்டர் (மின்சாரத்தைத் தடுக்கும் சின்னப் பாகம்). அவ்வளவுதான், ஐசி கிடையாது, புரோகிராம் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐந்து ரூபாய்க்குள் அடங்கும் சாமான், 14,500 ரூபாய்.

இது என்ன செய்கிறது என்றால், அந்த சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் (மின்தடை) குறையும். அதோடு தொடராக ரெசிஸ்டர் போட்டால் ஓம் கூடி, ‘காற்று குளிர்ச்சியாக இருக்கிறது’ என்று இசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏமாறும். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அதனால் பெட்ரோலைக் கூட்டும். 40 டிகிரி காற்றை 20 டிகிரி என்று காட்டினால் ஆறேழு சதம் பெட்ரோல் கூடும். ஆனால் ஒரே சீராக ஓட்டும்போது சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் மோப்பம் பிடித்து அந்தக் கூடுதலைத் திரும்பக் குறைத்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் இசியூ அந்தச் சென்சாரைக் கேட்காது, ஆனால் அந்த இடத்தில் கம்பெனியே பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகத்தான் வைத்திருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் பவர் குறையும், ப்ளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும்.

சைலன்சர் வேறு கதை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிற்று. புதுக் குழாயை ஹெட்டோடு சேர்க்கும் இடத்தில் பழைய கேஸ்கெட்டையே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும், இசியூ இன்னும் ஊற்றும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 37-க்கு வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது. பையன் அதைத்தான் பவர் என்று கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான், பாவம்.

பிறகு கடைக்குப் போன் அடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். “500 கிலோமீட்டர் ஓட்டுங்க தம்பி, இசியூ கத்துக்கும்.” ரெசிஸ்டருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? “நார்மல் பெட்ரோல் போட்டா அப்பிடித்தான், 95 போடுங்க.” அந்த 95 ஆக்டேன் எண். ஆக்டேன் என்பது நாக்கிங்கை (பெட்ரோல் தானாகப் பற்றி இன்ஜின் தட்டுவது) தாங்கும் அளவு, அதில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 11.6 கம்ப்ரெஷன் உள்ள இந்த வண்டி சாதா பெட்ரோலுக்கே கட்டப்பட்டது. “உங்க வெயிட்டு சாஸ்தி.” “ஓனர் பெங்களூர் போயிருக்காரு.” அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. கடைசியில் பிளாக்.

நான் நேரில் போய்ப் பேப்பரைக் காட்டி 11.9-ஐ 9,500-ஆல் பெருக்கச் சொன்னேன். “சார், அது வீல் டார்க், இது கிராங்க் பவர்” என்றார். செயினிலும் கியர்பாக்ஸிலும் போகும் இழப்பு நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்தாலும் 16.1 பிஎஸ் 19-ஐத் தாண்டாதே, மீதி ஆறு பிஎஸ் எங்கே என்றேன். “சார், எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்ல, பில்லுலயே இருக்கு.” பில்லைப் பார்த்தால் ‘டியூனிங்’ என்ற சொல்லே இல்லை, ‘ஆக்சஸரீஸ் 38,500’ என்று ஒற்றை வரி. ஜிஎஸ்டி எண் இல்லை.

என் ஆத்திரமெல்லாம், பையனுக்கு அந்த 7 பிஎஸ் தேவையே இல்லை என்பதுதான். நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு ஆளோடு 210 கிலோ வண்டி சமதளத்தில் 60-ல் போக இன்ஜினிடம் கேட்பது 3.5 பிஎஸ் அளவு. 80-க்கு ஏறக்குறைய 7. 100-க்கு 13. 120-க்கு 21 பக்கம் போய்விடும், காற்றுத் தடை அப்படி ஏறும். மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்சவரம்பு நாலுவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு 80 கிலோமீட்டர். அவினாசி ரோட்டில் அந்த 80 எங்கே வருகிறது என்று அங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். 8 பிஎஸ் ஸ்பிளெண்டர் இத்தனை வருஷமாக இரண்டு பேரையும் ஒரு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஓடவில்லையா?

மலை ஏற வேண்டாமா என்பார்கள். கல்லாறு தாண்டி நூற்றுக்கு எட்டு ஏற்றம் உள்ள இடத்தில், இரண்டு பேரோடு 280 கிலோ என்று வைத்து, 40-ல் ஏற 5.5 பிஎஸ் போதும். ஊட்டி உயரத்தில் காற்று மெலிவதால் எந்த இன்ஜினுக்கும் பவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகும். அப்படிப் போனாலும் இந்த வண்டியிடம் 14.5 பிஎஸ் மிச்சம் இருக்கும்.

அப்புறம் ஏன் பிக்கப் இல்லை? பையன் ஆறாவது கியரில் 60-ல் போய்க்கொண்டு அப்படியே முறுக்குகிறான். அங்கே இன்ஜின் 4,300-ஐ ஒட்டிச் சுற்றுகிறது, கொடுக்க முடிந்தது 7.5 பிஎஸ்தான். மூன்றாவதுக்கு இறக்கினால் அதே வேகத்தில் 7,000, அங்கே 14 பிஎஸ் காத்திருக்கிறது. ஏறக்குறைய இரட்டிப்பு, செலவு இல்லை. அதற்கும் மேல் பின்னால் ஆளை வைத்தே எப்போதும் ஓட்டுகிறவர்கள் முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல்லிலிருந்து 13 ஆக்கினால் எல்லா கியரிலும் இழுவை ஏழெட்டு சதம் கூடும், ஆர்பிஎம்மும் அதே அளவு ஏறும். சில நூறு ரூபாய் விஷயம்.

இன்னொன்றும் இருந்தது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச்சுற்றில் நின்றுவிட்டது. காலிப்பர் ஸ்லைடு பின் மண் பிடித்து இறுகி, பிரேக் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினோம், செயினின் இறுக்கத்தைக் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குத் தளர்த்தினோம், டயர் காற்றைப் பார்த்தோம். வண்டி பழையபடி ஓடுகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் டைனோவில் ஏற்றிய ஆளுக்கு அந்தச் சக்கரம் இறுகியிருந்தது தெரிந்திருக்காதா? தெரிந்திருந்தால் 38,500 வந்திருக்காது.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, அதனால் முக்கியமானதை மட்டும் போடுகிறேன்.

டைனோ பேப்பர் கொடுத்தால் டார்க் × ஆர்பிஎம் ÷ 7,024 போட்டுப் பாருங்கள். முன் பேப்பரும் பின் பேப்பரும் இரண்டுமே வீல் கணக்கா, ஒரே கியரா, காற்றின் வெப்பத்துக்காகப் போடும் திருத்தம் ஒன்றா என்று கேளுங்கள். மழுப்பினால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டு ஒயர் சிப் எதுவானாலும் வேண்டாம்.

பில்லில் செய்த வேலை, பாகம், ஜிஎஸ்டி எண் எழுதாமல் காசு தராதீர்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்திருக்கிறோம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

சத்தம் போடும் சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், மூன்று மாதம் லைசென்ஸும் போகலாம். கட்டப்போவது நீங்கள், கடைக்காரர் இல்லை.

கழற்றிய ஒரிஜினல் சைலன்சரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். “ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு” என்கிறார்கள் எங்களிடம். அதே மாடல் சைலன்சர், ஆக்சிஜன் சென்சார் மாட்டும் இடத்தோடு, யாரிடமாவது விலைக்கு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.