மண்ணெண்ணெயிலும் ஓடிய மரக் கார்: எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் ட்ரவலர்

இங்கிலாந்துக்காரர் ட்ரவலரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் வார்னிஷ் மினுங்கும் மரச்சட்டத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற கார் அவர்களுக்கு. எங்களுடையது யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடிய கார். 1990க்குப் பிறகு மண்ணெண்ணெயிலும் ஓடியது. நான் பிறக்க முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டதால் ஓட்டியவனின் அனுபவத்தைவிட ஏறியிருந்தவனின் அனுபவம்தான் இதில் அதிகம்.

வாங்கியவர் அப்பப்பா. 1962இல் வந்த 1098 சிசி எஞ்சின், 48 குதிரைவலு. மைனர் 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார். அதன் ஸ்டேஷன் வாகன் வடிவமான ட்ரவலர் 1953இலிருந்து 1971 வரை வந்தது. முன்பாதி மற்ற மைனர்களைப் போலத்தான். முன்கதவுக்குப் பின்னால் ஆஷ் மரச்சட்டம், இடையிடையே அலுமினியத் தகடு. மரம் அழகுக்கு ஒட்டியது என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்பாதியைத் தாங்கி நிற்பதே அதுதான். இங்கிலாந்தில் இந்தக் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயமாக இருந்த காலத்தில், மரம் உக்கிப்போனால் கார் தேறாது.

இந்தக் காருக்கு முழுப் புள்ளியும் பின்பக்கத்துக்குத்தான் கொடுப்பேன். அலுமாரிபோல இரண்டு பக்கமும் திறக்கிற கதவுகள். சீற்றை மடித்தால் முன்சீற்றுவரை ஒரே மட்டம். கிழமை நாட்களில் வெங்காய மூட்டையும் வாழைக்குலையும் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும். கோயில் என்றால் அப்பா உள்ளே கூட்டித் துடைத்துப் பாய் விரிப்பார். மச்சான், மச்சாள்மார் எல்லாரும் அதில். வல்லிபுரக் கோயிலுக்கு மணல் பாதையில் போகும்போது பின்கண்ணாடியால் தூசி எழும்புவதைப் பார்த்துக்கொண்டே போவோம். காரைநகர் கசூரினாவில் குளித்துவிட்டு ஈர உடுப்போடு ஏறினால் அப்பாச்சி பேசுவா. எங்களுக்காக அல்ல, மரத்துக்காக: "உப்புத்தண்ணி பட்டா உக்கிப்போமடா, துடைச்சுப்போட்டு ஏறுங்கோ."

அவ பேசியது சரிதான். ஆனால் உப்பைவிட மாரிமழைதான் மோசம். கண்ணாடி ஓடுகிற கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், பிறகு விரலால் அமத்தினால் உள்ளே போகும். வருடத்துக்கு ஒருமுறை மாரிக்கு முன்னம் வார்னிஷ் பூசியும் இடதுபக்கக் கீழ்ச்சட்டம் தாங்கவில்லை. பக்கத்து ஊர் ஓடாவியார் (தச்சர்) வந்து சுற்றிப் பார்த்து, "இது கராச்சுக்காரன்ர வேலையில்லை, என்ர வேலை" என்றார். முதிரை மரத்தில் சீவி, பித்தளை ஆணி முறுக்கிப் பொருத்தினார். ஆஷ் மரத்தைவிட முதிரை பாரம் கூட, நிறமும் வேறு. பார்க்கிற எல்லாரும் கேட்பார்கள். கடைசிவரை அந்தத் துண்டு மட்டும் உக்கவில்லை. வேறெந்தக் காரின் உடலை வீட்டுக் கூரை போடுகிறவரைக் கொண்டு திருத்தலாம்?

இனி மண்ணெண்ணெய். 1990இல் போரோடு பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் யாழ்ப்பாணத்தில் மருந்துபோல ஆனது. தப்பிக் கொண்டுவந்த கொஞ்சமும் போத்தல் கணக்கில்தான் விற்றது. பெற்றோல் சூடில்லாமலே ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடு கண்டால்தான் ஆவியாகும். அதனால் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்க வேண்டும். அப்பா ஒரு சிரிஞ்சால் கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடுவார், சித்தப்பா முன்னுக்கு நின்று ஹாண்டில் சுற்றுவார். பற்றரிக்கும் தடை, ஆனபடியால் ஸ்டார்ட்டரை நம்ப ஏலாது. எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். வெள்ளைப்புகை முற்றத்தை மூடும், கண் எரியும். எங்களுக்கு அது திருவிழா.

மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, எஞ்சின் உள்ளே டொக் டொக்கென்று அடிக்கும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பார்கள்; ஹெட் காஸ்கெற்றை இரட்டையாகப் போட்டு அமுக்கத்தையும் குறைப்பார்கள். இழுவை பாதியாகிவிடும். குடாநாட்டில் மலை இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அளவுக்கம்பியில் ஒயில் மட்டம் தானாக ஏறினால் சந்தோஷப்படக் கூடாது, உடனே மாற்ற வேண்டும். இவ்வளவையும் தாங்கி அந்தச் சின்ன எஞ்சின் ஓடியது.

சண்டை காரால் அல்ல, விளக்கால். கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான் வேண்டும். "இஞ்சருங்கோ, பிள்ளையள் படிக்கிற எண்ணெயில கை வைக்காதேங்கோ" என்பா அம்மா. "கோப்பாய் மட்டும் போட்டு வாறனப்பா" என்பார் அப்பா. கோப்பாயோடு நின்றதை நான் கண்டதில்லை.

குறைகள் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. நாலு சில்லிலும் ட்ரம் பிறேக். பாரம் ஏற்றினால் முன்கூட்டியே யோசித்து மிதிக்க வேண்டும். பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே சட்டத்துக்குள் இருப்பதால் கழற்றுகிறவர் சாபம் போடாமல் கழற்றமாட்டார். மூட்டைகள் இல்லாமல் ஓடினால் பின்வில்லு (ஸ்பிரிங்) குதிக்கும். பாயில் இருந்த எங்கள் தலை கூரையில் முட்டும். ஸ்டியரிங் மட்டும் அந்தக் காலத்துக்கு அபாரம் என்று அப்பா இன்றும் சொல்வார். ரக் அண்ட் பினியன் என்ற பற்சட்ட முறை, சொன்ன இடத்தில் திரும்பும்.

1995 ஒக்டோபர் கடைசியில் எல்லாரும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அப்பாச்சியும் மூட்டைகளும் பின்னுக்கு. நாவற்குழிப் பக்கம் சனநெரிசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டே போனோம். அடுத்த வருடம் கொழும்புக்குப் போக முன்னம் கொடிகாமத்தில் விற்றாயிற்று.

இப்போது ஒன்று வாங்க ஆசைப்படுகிறவர்கள் எஞ்சினைக் கேட்டு மயங்க வேண்டாம், அதற்குப் பாகங்கள் இன்னும் கிடைக்கும். ஒரு சின்னக் கத்தியைக் கொண்டு போங்கள். பக்கக் கண்ணாடிக்குக் கீழ்ச்சட்டம், பின்சில்லு வளைவில் மரம் பொருந்துகிற மூலை, பின்கதவுகளின் அடிப்பக்கம், இந்த மூன்றிலும் மெல்லக் குத்திப் பாருங்கள். கத்தி இறங்கினால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது தெரிந்த ஓடாவியாரோடு திரும்பிப் போங்கள்.