6 ஸ்பேடா, 6 நோ டிரம்பா, 7 ஹார்ட்டா?

பிரிட்ஜ் மேசையில் ஸ்லாம் (6 கேட்டு பன்னிரண்டு டிரிக் எடுப்பது ஸ்மால் ஸ்லாம், 7 கேட்டு பதின்மூன்றும் எடுப்பது கிராண்ட் ஸ்லாம்) பேச்சு வந்தாலே "கேட்கலாமா, வேண்டாமா" என்பதிலேயே முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள். எந்தத் துருப்பில் கேட்பது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. ஸ்பேடில் எட்டுச் சீட்டு சேர்ந்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே வேறு பொருத்தம் தேடுவதை நிறுத்திவிடும் ஜோடிகள் நிறைய. நல்ல ஸ்லாம்கள் கை நழுவுவதில் பாதி இங்கேதான் என்பது என் எண்ணம். அதைக் காட்டுவதற்காகவே ஒரு சீட்டை அடுக்கியிருக்கிறேன். பிரிட்ஜின் அடிப்படை தெரிந்தவர்களுக்கான அலசல் இது.

மேற்கு:
ஸ்பேட் ஏ‌ஸ், குயின், ஜாக், 8, 5
ஹார்ட் ஏஸ், கிங், 7, 4
டைமண்ட் 6, 3
கிளப் ஏஸ், 5

கிழக்கு:
ஸ்பேட் கிங், 7, 3
ஹார்ட் குயின், ஜாக், 8, 6
டைமண்ட் ஏஸ், 5, 2
கிளப் கிங், 8, 4

ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் மேற்கில் 18 பாயிண்ட், கிழக்கில் 13. மொத்தம் 31. புத்தகக் கணக்குப்படி 6 நோ டிரம்புக்கு (துருப்பே இல்லாத ஆட்டம்) 33, 7 நோ டிரம்புக்கு 37 வேண்டும். பாயிண்டை மட்டும் கூட்டிப் பார்க்கிற ஜோடி 4 ஸ்பேடிலேயே பாஸ் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடும்.

சரி, டிரிக்கை எண்ணுவோம். எதிராளி டைமண்ட் ஆடித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு அதுதான் கஷ்டமான லீட்.

நோ டிரம்பில் ஸ்பேட் ஐந்து, ஹார்ட் நான்கு, டைமண்ட் ஏஸ் ஒன்று, கிளப் இரண்டு. பன்னிரண்டு. ஸ்பேட் 5-0 என்று பிரிந்தால் தவிர இதில் சிக்கல் கிடையாது. அப்படிப் பிரிய வாய்ப்பு 4 சதவீதம்தான். ஆக, 31 பாயிண்டில் 6 நோ டிரம்ப் கல்லுப்போல நிற்கிறது. ஆனால் பதின்மூன்றாவது டிரிக் எங்கிருந்தும் வராது. ஏதாவது ஸ்குவீஸ் (எதிராளி தேவையான சீட்டையே கழிக்கும்படி நெருக்குவது) தானாக வந்து விழுந்தால் உண்டு, அதை நம்பி 7 கேட்க முடியாது.

ஸ்பேட் துருப்பிலும் அதே பன்னிரண்டுதான். இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். துருப்பு இருக்கிறதே, எதையாவது வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். மேற்குக் கையில் மூன்றாவது கிளப்பை வெட்டலாம், ஆனால் அந்த ஸ்பேட் எப்படியும் ஒரு டிரிக் எடுக்கப்போகிற சீட்டு. கிழக்குக் கையில் வெட்ட எதுவும் இல்லை. ஹார்ட் இரண்டு பக்கமும் நாலு நாலு என்பதால் அதன்மேல் எதையும் கழிக்கவும் முடியாது. மேற்கின் இரண்டாவது டைமண்ட் கடைசிவரை கையிலேயே கிடந்து எதிராளிக்குப் போகும்.

இப்போது ஹார்ட்டைத் துருப்பாக்கிப் பாருங்கள். டைமண்ட் ஏஸை எடுத்துவிட்டு, ஹார்ட் ஏஸ், குயின் என்று இரண்டு சுற்று ஆடுகிறோம். எதிராளிகள் இருவரும் இரண்டு முறையும் ஹார்ட் போட்டால் 3-2 பிரிவு. மூன்றாவது சுற்றில் கிங்கை ஆடித் துருப்பை முழுக்க வாங்கிவிடலாம். மேற்கில் 7, கிழக்கில் ஜாக் மிச்சம். இனி ஸ்பேட் ஐந்து சுற்று. கிழக்கில் ஸ்பேட் மூன்றே இருப்பதால் நான்காவது, ஐந்தாவது ஸ்பேடில் கிழக்கின் இரண்டு சின்ன டைமண்டும் கழிந்துபோகும். மேற்கின் டைமண்ட் 6-ஐ இப்போது ஜாக்கால் வெட்டலாம். மேற்கின் ஹார்ட் 7 தனியாக ஒரு டிரிக். ஸ்பேட் 5, ஹார்ட் 5, டைமண்ட் 1, கிளப் 2. பதின்மூன்று.

ஹார்ட் 4-1 என்று பிரிந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு சுற்றோடு துருப்பை நிறுத்திவிட்டு, கிளப் ஏஸ், கிங் எடுத்து, மூன்றாவது கிளப்பை மேற்கின் 7-ஆல் வெட்ட வேண்டும். பிறகு ஹார்ட் கிங், ஸ்பேட் கிங்குக்குப் போய் ஹார்ட் ஜாக். நான்கு சுற்றுத் துருப்பும் ஆடியாயிற்று, ஒரு வெட்டும் கிடைத்தாயிற்று. வெட்டின இடத்தில் எதிராளி மேல்வெட்டு போடாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹார்ட் 3-2 ஆகப் பிரிய 68 சதவீதம், 4-1 ஆக 28. இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிற கிராண்ட் ஸ்லாம் லேசில் கிடைக்காது.

ஐந்துக்கு மூன்று பொருத்தத்தைவிட நாலுக்கு நாலு பொருத்தம் ஒரு டிரிக் கூடுதலாகத் தருவதன் ரகசியம் இதுதான். நீளமான ஸ்பேட் பக்கத்துச் சூட்டாக இருக்கும்போது அதன்மேல் தோற்கிற சீட்டைக் கழிக்கலாம். அதையே துருப்பாக்கிவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: நாலுக்கு நாலு துருப்பு கெட்டியாக இருக்க வேண்டும். ஹார்ட்டில் நிச்சயமாக ஒன்று தோற்கும் என்றால், அந்த டிரிக்கை வாங்கிய கையோடு எதிராளி டைமண்டையும் எடுத்துவிடுவார். டைமண்டைக் கழிக்க நமக்கு அவகாசமே கிடைக்காது. அப்படிப்பட்ட சீட்டில் எந்தத் துருப்பிலும் ஸ்லாம் வேண்டாம்.

இங்கே போய்ச் சேருவது எப்படி? மேற்கு 1 ஸ்பேட் என்று திறக்கிறார். கிழக்கு 2 கிளப், கேம் வரை போவது உறுதி என்ற அர்த்தத்தில். மூன்றே கிளப்பை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஸ்பேடில் நாலு இல்லாதபோது வேறு நல்ல பதிலும் இல்லை. மேற்கு 2 ஹார்ட். கிழக்கின் அடுத்த வாய்ச்சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்பேட் கிங் கையில் இருக்கிறதே என்று 2 ஸ்பேட் சொன்னால் பேச்சு அந்தப் பக்கமே ஓடி, 6 ஸ்பேடில் முடிய வாய்ப்பு அதிகம். 3 ஹார்ட் சொன்னால் நாலுக்கு நாலு வெளிச்சத்துக்கு வந்துவிடும். மேற்கிடம் ஸ்பேட் ஐந்து என்பது ஏற்கெனவே தெரியும், ஸ்பேட் எங்கேயும் ஓடிப்போகாது. நான் 3 ஹார்ட் கட்சி, யோசிக்காமல்.

அப்புறம் மேற்கு 4 கிளப், கிழக்கு 4 டைமண்ட். இரண்டும் கண்ட்ரோல் காட்டும் கூற்றுகள், அதாவது அந்தச் சூட்டில் எதிராளியைத் தடுக்க ஏஸ் போன்ற சீட்டு இருக்கிறது என்பது. டைமண்டில் வெறும் 6, 3 வைத்திருக்கிற மேற்கு எதிர்பார்த்தது அந்த 4 டைமண்டைத்தான். இனி 4 நோ டிரம்ப், ஏஸ் எத்தனை என்று கேட்கும் பிளாக்வுட்.

பழைய பிளாக்வுட்டும் கீ கார்டு பிளாக்வுட்டும் இங்கே எப்படிப் பிரிகின்றன பாருங்கள். ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் யோசித்த முறையில் கிழக்கு 5 டைமண்ட் சொல்வார், ஒரு ஏஸ் என்று. மற்ற மூன்று ஏஸும் மேற்கிடமே இருப்பதால் அது டைமண்ட் ஏஸ் என்று புரியும். இதுவரை பழுதில்லை. அடுத்து 5 நோ டிரம்பால் கிங் கேட்டால் 6 ஹார்ட் என்ற பதில், அதாவது இரண்டு கிங். எந்த இரண்டு? ஸ்பேட் கிங்கும் கிளப் கிங்குமா, டைமண்ட் கிங்கும் கிளப் கிங்குமா? பின்னது என்றால் ஸ்பேடில் ஃபினெஸ் எடுத்தாக வேண்டும், அதாவது ஸ்பேட் கிங் நமக்குச் சாதகமான எதிராளியிடம் இருக்கும் என்று நம்பி ஆட வேண்டும், அது 50 சதவீதம். ஹார்ட் குயின் பற்றி இந்த முறை வாயே திறப்பதில்லை. இத்தனை கேட்ட பிறகும் 7 ஹார்ட் சொல்வது குருட்டாம்போக்குதான். நியாயமாக நடப்பவர் 6 ஹார்ட்டில் பாஸ் சொல்வார்.

கீ கார்டு முறையில் துருப்பு கிங்கையும் ஐந்தாவது ஏஸ் போல எண்ணுகிறோம். 1430 என்ற பதில் முறையில் கிழக்கின் பதில் 5 கிளப்: ஒன்று அல்லது நான்கு. மேற்கிடமே நான்கு இருப்பதால் இது ஒன்றுதான். மேற்கு 5 டைமண்ட் சொல்லி ஹார்ட் குயின் இருக்கிறதா என்று கேட்கிறார். கிழக்கு 5 ஸ்பேட்: குயின் இருக்கிறது, கூடவே ஸ்பேட் கிங்கும் இருக்கிறது. ஒரே கூற்றில் இரண்டு நல்ல செய்தி. மேற்கு 5 நோ டிரம்ப், வேறு கிங் உண்டா? 6 கிளப். போதும்.

மேற்கு இப்போது தன் கையைப் பார்த்தே எண்ணலாம்: ஸ்பேட் ஐந்து, ஹார்ட் நான்கு, டைமண்ட் ஏஸ், கிளப் இரண்டு, ஒரு வெட்டு. 7 ஹார்ட். ஹார்ட் ஜாக் கிழக்கிடம் இருப்பது மேற்குக்குத் தெரியாது. அது இல்லாவிட்டாலும் 3-2 பிரிவு ஒன்றே 68 சதவீதம் தருகிறது.

68 போதுமா? டீம் ஆட்டத்தின் இம்ப் கணக்கில் (ஒரே சீட்டை இரண்டு மேசையில் ஆடி, ஸ்கோர் வித்தியாசத்தை அட்டவணைப்படி இம்ப் புள்ளியாக்குவது) பார்க்கலாம். நாம் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடுதலாகும் நிலை), எதிர் மேசையில் 6 ஹார்ட்டில் நிற்கிறார்கள். நமக்கு 7 ஹார்ட் கிடைத்தால் 2210, அவர்களுக்கு ஒரு டிரிக் கூடுதலோடு 1460. வித்தியாசம் 750, அதற்கு 13 இம்ப். ஒன்று குறைந்து போனால் நமக்கு 100 நஷ்டம், அவர்களுக்கு 1430. 17 இம்ப் போச்சு. ஆக 57 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் கிராண்ட் ஸ்லாம் கேட்கலாம். ஸ்மால் ஸ்லாமுக்கு 50 போதும், போட்டாலும் போனாலும் 13-க்கு 13. இந்த போனஸ் எல்லாம் ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் வகுத்த ஸ்கோரிங்கிலிருந்து வந்தவை. அதற்கு முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் கேட்காமலே பன்னிரண்டு டிரிக் எடுத்தாலும் ஸ்லாம் போனஸ் உண்டு. இவ்வளவு தலைவலி அவர்களுக்கு இல்லை.

எதிர் மேசை 4 ஸ்பேடில் நின்றுவிடும் என்று தோன்றினால் நான் கிராண்ட் ஸ்லாமுக்கு ஆசைப்பட மாட்டேன். 6 கேட்டாலே 13 இம்ப் வந்துவிடும், அதற்கு மேலே எதற்கு ஆபத்து?

மற்ற ஜோடிகளின் ஸ்கோரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் மேட்ச்பாயிண்ட் ஜோடி ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே பத்துப் பாயிண்ட் வித்தியாசமும் அறையில் பாதிப் பேரைத் தாண்ட வைக்கும். அதனால்தான் 6 ஸ்பேட் கேட்டு 980 வாங்குவதற்குப் பதில் 6 நோ டிரம்ப் கேட்டு 990 வாங்கத் துடிக்கிறார்கள் (வல்னரபிள் இல்லாத கணக்கு). பெரும்பாலான சீட்டில் அந்தத் துடிப்பு சரிதான். இம்ப் ஆட்டத்தில் அதே பத்துக்கு ஒரு இம்ப் கூடக் கிடையாது. அங்கே எது பத்திரமோ அதைத்தான் கேட்க வேண்டும்.

நம் சீட்டில் அந்தத் துடிப்பும் பலிக்காது. கிராண்ட் ஸ்லாம் கேட்கத் துணிவில்லாமல், கீ கார்டு பேச்செல்லாம் பார்ட்னரோடு பேசி வைத்திராமல், சும்மா 6 ஹார்ட்டில் நின்ற ஜோடி பதின்மூன்று எடுத்து 1010 எழுதிக்கொள்ளும். 6 நோ டிரம்ப்காரருக்கு 990.