மின்னணு மருத்துவப் பதிவேட்டுடன் ஒன்பது ஆண்டுகள்: ஒரு செவிலியரின் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் மருத்துவமனைக்கு மின்னணு மருத்துவப் பதிவேடு வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே ஒரு வினாத்தாள் வந்து சேர்ந்தது. இந்த முறையைப் பயன்படுத்த எங்களுக்கு எவ்வளவு விருப்பம் என்பதுதான் அதன் மையக் கேள்வி. நீரிழிவு மற்றும் இரத்த அழுத்தப் புறநோயாளர் பிரிவில் அப்போது பணியிலிருந்த அனைவரும், கணினியைத் தொட்டே பார்த்திராத இருவர் உட்பட, ‘மிகவும் விருப்பம்’ என்ற கட்டத்தில் குறியிட்டோம். மேலதிகாரியின் மேசைக்குத் திரும்பப் போகிற தாளில் வேறென்ன குறிக்க முடியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. நோயாளி வரிசையில் நின்றுகொண்டிருக்க, அவருடைய பழைய கேஸ் ஷீட்டைத் தேடிப் பதிவறையின் அலமாரிகளுக்கிடையே காலைப் பொழுதைத் தொலைத்தவர்களுக்கு அந்த ஆசை இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் கணினிகள் வந்த ஆறாம் மாதம், எங்கள் பிரிவின் நான்கு திரைகளில் இரண்டு துணியுறை போர்த்தப்பட்டுக் கிடந்தன. விருப்பம் எங்கே போயிற்று என்று நிர்வாகம் கேட்டது. விருப்பம் எங்கும் போகவில்லை என்பதையும், நேரம்தான் போய்விட்டது என்பதையும் விளக்க எங்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின.

நாங்கள் பயன்படுத்துவது திறந்த மூல அடித்தளத்தின் மேல், அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நிரல் வெளியிடப்பட்ட அடித்தளத்தின் மேல், எழுதப்பட்ட மென்பொருள். வளரும் நாடுகளின் மருத்துவமனைகள் பலவற்றில் இதே வகையைக் காணலாம். பதிவு, மருத்துவர் குறிப்பு, ஆய்வகம், மருந்தகம் என நான்கு பகுதிகள் அதில் உண்டு. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பதிவதும், பிறகு மருந்து விளக்கம் சொல்லி அடுத்த வருகைக்கு நாள் குறிப்பதும் என் வேலை. எனவே நான் சொல்பவை பெரும்பாலும் தரவை உள்ளிடும் கையின் பக்கத்திலிருந்து பார்த்தவை.

முதல் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு முறை எழுதினோம். மாதாந்திர அறிக்கை பழைய தாள் பதிவேட்டின் அடிப்படையில்தான் மேலே போக வேண்டும் என்ற உத்தரவு அப்படியே இருந்தது. அதை மாற்றும் அதிகாரம் கணினி வாங்கியவர்களுக்கு இல்லை. ஆகவே ஒரே இரத்த அழுத்த அளவை ஓபி சீட்டில் ஒரு முறை, ரெஜிஸ்டரில் ஒரு முறை, திரையில் ஒரு முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை என்று சொன்னதே குறைத்துச் சொன்னதுதான். கூட்டம் குறைவான பிற்பகல்களில் சமாளித்தோம். காலை வேளைகளில் முதலில் கைவிடப்பட்டது திரைதான், ஏனென்றால் தாளில் எழுதாவிட்டால் கேள்வி வரும், திரையில் உள்ளிடாவிட்டால் உடனடியாக யாரும் கேட்க மாட்டார்கள். மாலையில் ஒருவர் உட்கார்ந்து அன்றைய தாள்களைப் பார்த்து மொத்தமாக உள்ளிடுவது வழக்கமாயிற்று. அப்படி உள்ளிடப்படும் பதிவு நோயாளி எதிரே இருக்கும்போது எந்தப் பயனும் தருவதில்லை. மருத்துவருக்கு அது நேற்றைய செய்தி. மூன்றாம் ஆண்டில் எங்கள் பிரிவுக்கு மட்டும் தாள் ரெஜிஸ்டர் நிறுத்தப்பட்டது. அந்த வாரமே நான்கு திரைகளும் ஓடின. புதிய பயிற்சியோ ஊக்கப் பேச்சோ அதற்குத் தேவைப்படவில்லை.

பிற்காலத்தில் இத்துறை ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியபோது, எங்களிடம் வந்த வினாத்தாளின் மூதாதையரைக் கண்டுகொண்டேன். ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, ஒரு கருவி பயனுள்ளது என்ற எண்ணத்தையும் எளிதானது என்ற எண்ணத்தையும் ஏற்புக்கு அடிப்படையாகக் கொள்கிறது. 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் அதனோடு வேறு பல மாதிரிகளையும் ஒன்றிணைத்து, செயல்திறன் எதிர்பார்ப்பு (வேலை மேம்படும் என்ற எண்ணம்), முயற்சி எதிர்பார்ப்பு (பயன்படுத்த எளிது என்ற எண்ணம்), சமூகச் செல்வாக்கு (தமக்கு முக்கியமானவர்கள் பயன்படுத்தச் சொல்கிறார்கள் என்ற எண்ணம்), வசதிச் சூழல் (தேவையான கருவியும் உதவியும் இருப்பது) என நான்கு காரணிகளாகத் தொகுத்தனர். வளரும் நாடுகளில் சுகாதாரப் பணியாளர்களின் ஏற்பு மனநிலையை அளக்கும் வினாத்தாள்களில் பல இவ்விரு மாதிரிகளின் வழிவந்தவை. அந்த 2003ஆம் ஆண்டு மாதிரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் மூன்று காரணிகளும் ஒருவரின் நோக்கத்தைத் தீர்மானிக்கின்றன; நான்காவதான வசதிச் சூழலோ நோக்கத்தைத் தொடாமல் நேரே பயன்பாட்டைத் தீர்மானிக்கிறது. மின்சாரம் நின்றால், சர்வர் படுத்துவிட்டால், பழுது பார்க்க ஆள் இல்லாவிட்டால், நோக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயன்பாடு நடக்காது. வளம் குறைந்த இடங்களில் நோக்கத்தை மட்டும் அளந்துவிட்டு அதையே ஏற்பு என்று எழுதிக்கொள்வது, குடத்தைப் பார்த்துவிட்டு நீர் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

எங்களுக்கு யுபிஎஸ் இருந்தது. அதன் மின்கலம் இரண்டாம் ஆண்டிலேயே வலுவிழந்தது. மாற்று மின்கலத்துக்கான கோரிக்கை யாருடைய தலைப்பில் செலவாக வேண்டும் என்ற கேள்வியில் பல மாதங்கள் நின்றது. கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர் அதைப் பராமரிக்க ஒதுக்குவதில்லை என்பதை இப்படித்தான் அறிந்தோம். ஒரு முறை சர்வர் மூன்று நாட்கள் நின்றுவிட்டது. அந்த மூன்று நாட்களின் தாள்கள் பிறகு உள்ளிடப்படவே இல்லை. இன்றும் சில நோயாளிகளின் வரைபடத்தில் அந்த இடம் வெற்றாகத்தான் இருக்கிறது.

இதே தடைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வடிவமைத்த இடங்களும் உண்டு. மலாவியில் பாவோபாப் ஹெல்த் அமைப்பு, எச்ஐவி சிகிச்சை நிலையங்களுக்காகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் தொடுதிரைக் கணினிகளை உருவாக்கியது. விசைப்பலகைப் பழக்கம் இல்லாதவரும் விரலால் தொட்டு, திரை காட்டும் வரிசையிலேயே ஒவ்வொரு கேள்வியாகக் கடந்து போகலாம். வருகையின் விவரம் சிறு ஒட்டுத்தாளாக அச்சாகி, நோயாளி கையில் வைத்திருக்கும் சுகாதாரக் கையேட்டில் ஒட்டப்படும். அந்த ஒட்டுத்தாள்தான் என்னைக் கவர்ந்தது. உள்ளிட்டவருக்கு அதே நிமிடத்தில் ஒன்று திரும்பக் கிடைக்கிறது, அவர் அதைக் கையால் மறுபடி எழுத வேண்டியதில்லை. கென்யாவின் எல்டோரெட்டில் வேறு வழியைத் தேர்ந்தார்கள். 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்எம்ஆர்எஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் 2006இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தபோது, மருத்துவப் பணியாளர்கள் தாள் படிவத்தையே நிரப்பினர். தரவு உள்ளிடுவோர் அதைக் கணினியில் ஏற்றினர். இது பின்தங்கிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த வருகையின்போது நோயாளியின் சுருக்கமும், தவறிப்போன பரிசோதனைகள் பற்றிய நினைவூட்டலும் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டன என்பதைப் பார்க்கும்போது, தட்டச்சின் சுமை ஒருவர் மேலும் பயன் வேறொருவர் மேலும் விழும் சிக்கலை அவர்கள் கூலி கொடுத்துத் தீர்த்தார்கள் என்று புரிகிறது. எங்கள் மருத்துவமனையில் அந்தச் சுமை யாருக்கும் கூலியில்லாமல் செவிலியர் தலையில் வைக்கப்பட்டது.

இனி, தரவின் தரத்தைப் பற்றி. எங்கள் மென்பொருளில் உயரம் கட்டாயப் புலம். அதை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. உயரம் அளக்கும் கோல் எங்கள் பிரிவில் இல்லை. பக்கத்துப் பிரிவில் இருந்தது. விளைவு, ஏறத்தாழ ஓராண்டு காலம் எங்கள் நோயாளிகளில் பெரும்பாலானோர் 160 சென்டிமீட்டர் உயரம். நானும் அந்தப் பொய்யை எழுதியிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த உயரத்தைக் கொண்டு உடல் நிறைக் குறியீட்டெண் தானாகக் கணக்கிடப்பட்டு, உயரம் மிகக் குறைந்த ஒரு மூதாட்டிக்கு எடை சரியாக இருப்பதாகத் திரை பச்சை காட்டியபோதுதான் உறைத்தது. பிறந்த தேதியும் அப்படியே. தம் வயதை மட்டும் அறிந்த நோயாளிகள் பலர். மென்பொருளோ நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கும். எங்கள் பதிவேட்டை மட்டும் நம்பினால், ஊரில் பாதிப்பேர் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள். பெயர் எழுத்து மாறிவிட்டால் பழைய பதிவு கிடைக்காமல் புதிய எண் போட்டுவிடுவோம். ஒரே மனிதருக்கு மூன்று எண்கள் இருந்ததைக் கண்டிருக்கிறேன், மூன்றில் ஒன்றில் மட்டும் பென்சிலின் ஒவ்வாமை பதிவாகியிருந்தது. கட்டாயப் புலம் என்பது அளவையும் கருவியையும் நேரத்தையும் கொடுத்த பிறகு வைக்க வேண்டியது. அவை இல்லாத இடத்தில் அது நேர்மையான பணியாளரைப் பொய் எழுதப் பழக்குகிறது.

நம்பிக்கை குலைந்தது இன்னொரு காரணத்தாலும். உள்நுழைய நேரம் பிடித்ததால், காலையில் முதலில் வருபவரின் கடவுச்சொல்லிலேயே எல்லாரும் நாள் முழுவதும் வேலை செய்தோம். ஒருநாள் இன்சுலின் அலகு தவறாகப் பதிவான விவகாரம் எழுந்தபோது, அன்று காலை உள்நுழைந்துவிட்டு மதியமே வீட்டுக்குப் போயிருந்த சக செவிலியரின் பெயர் திரையில் நின்றது. நோயாளிக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் விளக்கக் கடிதம் எழுதியவர் அவர்தான். அதன்பின் பல வாரங்கள், சந்தேகமான எதையும் திரையில் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லும் பழக்கம் எங்களிடம் பரவியது. நிமிட நேரக் குறியுடன் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்யும் கருவி, குறை கண்டுபிடிக்கவே பார்க்கப்படும் என்ற எண்ணம் வந்துவிட்டால், அதன் முன் உட்காருபவர் தற்காப்புக்காக எழுதுவாரே தவிர சிகிச்சைக்காக எழுத மாட்டார். அட்டையைத் தொட்டு உள்நுழையும் வசதி ஐந்தாம் ஆண்டில் வந்தபின் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

வயதானவர்கள் கணினியை எதிர்ப்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். என் அனுபவம் அப்படியில்லை. ஓய்வுக்கு நான்கு ஆண்டுகளே இருந்த எங்கள் மூத்த சிஸ்டர் இரண்டு விரல்களால்தான் தட்டச்சு செய்வார். ஆனால் எந்தப் புலத்தையும் விட்டுவைக்க மாட்டார், ஏனென்றால் அந்த எண் யாருக்கு எதற்குத் தேவைப்படும் என்பதை அவர் அறிவார். வேகமாகத் தட்டும் இளையவர்கள்தான் சென்ற மாத அளவை அப்படியே நகல் எடுத்து ஒட்டினார்கள். எல்லா இளையவர்களும் அப்படியல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பயிற்சி பெற்றவர்களும் இதைப் படிப்பார்கள்.

எங்களை உண்மையில் இந்த முறையின் பக்கம் திருப்பியவை இரண்டு. ஒன்று, மாதாந்திர அறிக்கை. இரண்டு முழு நாட்கள் கோடு போட்டு எண்ணிக் கூட்டிய வேலை, ரெஜிஸ்டர் நிறுத்தப்பட்டபின் சில நிமிடங்களில் முடிந்தது. மற்றொன்று, வராதவர்களின் பட்டியல். அடுத்த வருகை நாளைக் குறித்து வைத்தால், அந்த வாரம் வராதவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் திங்கட்கிழமை காலையில் திரையில் நிற்கும். நீரிழிவு போன்ற நீண்டகால நோயில் மருந்தை நிறுத்திவிட்டவரைக் கண்டுபிடிப்பதே பாதி சிகிச்சை. தாள் ரெஜிஸ்டரில் வந்தவர்கள்தான் தெரிவார்கள், வராதவர்கள் தெரியவே மாட்டார்கள். இந்தப் பட்டியலைக் கொண்டு அழைத்து, கால் புண் முற்றுவதற்கு முன் திரும்பி வந்த முதல் நோயாளியைப் பார்த்த நாளிலிருந்து அடுத்த வருகைத் தேதியை எங்கள் பிரிவில் யாரும் வெற்றாக விட்டதில்லை. எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையின் முடிவுகளை வரைபடமாக நோயாளிக்கே திருப்பிக் காட்ட முடிவதும் நல்ல வசதி. கோடு மேலேறுவதைத் தம் கண்ணால் பார்த்தவரிடம் நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

இழப்பும் உண்டு. திரை சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்த முதல் இரண்டு ஆண்டுகள் நோயாளிக்கு என் முதுகுதான் தெரிந்தது. மேசையை நாங்களே திருப்பிப் போட்டோம். வடம் எட்டாததால் கட்டட மின்பணியாளரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மருந்து எச்சரிக்கைகள் அளவுக்கு மீறி வருகின்றன. இரண்டு சாதாரண மாத்திரைகளுக்கும் சிவப்புப் பெட்டி, உயிருக்கு ஆபத்தான சேர்க்கைக்கும் அதே சிவப்புப் பெட்டி. மருத்துவர்கள் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். இது இன்றுவரை சரிசெய்யப்படவில்லை.

பழைய முறைக்குத் திரும்பச் சொன்னால் மறுப்பேன். ஆனால் என் மேலங்கிப் பையில் ஒரு சிறு நோட்டு இன்னும் இருக்கிறது. ‘கண் மங்கியவர், இன்சுலின் ஊசியை மகள்தான் போடுவாள், மகள் பிரசவத்துக்குப் போகிறாள்’ என்பது போன்ற குறிப்புகளுக்கு மென்பொருளில் இடமே இருந்ததில்லை. அடுத்த பணிமுறைக்கு வருபவரிடம் நோட்டைப் பார்த்துத்தான் சொல்லிவந்தேன். நான்கு முறை எழுதிக் கேட்டபின், சென்ற ஆண்டு பதிவுத் திரையின் மேல்பகுதியில் செவிலியர் குறிப்பு என்று ஒரு பெட்டி சேர்த்தார்கள். எழுதியது ஒவ்வொரு வருகையிலும் முதலில் கண்ணில் படும். நோட்டிலிருந்து இதுவரை பாதிக்கு மேல் அதில் ஏற்றிவிட்டேன்.