சுங்கை சிப்புட்டில் ஹீட் பம்ப் ரிப்பேர்: போர்டு தப்பித்தது

எங்கள் தாமானில் ஹீட் பம்ப் வைத்து தண்ணீர் சுட வைக்கும் வீடுகள் குறைவு. மாமியார் பல வருஷம் பால்மரம் வெட்டியவர். காலையில் முழங்காலுக்கு வெந்நீர் ஊற்றியே ஆக வேண்டும். லைட் பில்லுக்குப் பயந்துதான் சாதாரண ஹீட்டரை விட்டுவிட்டு இதை வாங்கினோம். காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தொட்டித் தண்ணீருக்குக் கொடுப்பதால், ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

போன மாதம் திரையில் கோளாறு எண் வந்து எல்லாம் நின்றுவிட்டது. தொட்டித் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சர் பழுது என்றது கையேடு. தண்ணீரின் சூடு தெரியாமல் சுட வைத்துக்கொண்டே போனால் ஆபத்து என்பதால் மிஷின் தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். ஈப்போவில் ஒரு கடைக்குப் படம் அனுப்பினேன். வந்து பார்க்காமலே, மிஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகையைச் சொல்லி, "போர்டு மாத்தணும், 850 வெள்ளி" என்றார்கள்.

அப்புறம்தான் பாசாருக்குப் பின்னால் இருக்கும் ஏர்கோன் கடைத் தம்பியைக் கூப்பிட்டேன். இங்கே எது கெட்டாலும், உள்ளே ஓடும் குளிர்வாயுவைச் சொல்லி, "கேஸ் இல்லக்கா" என்று ஆரம்பிப்பவர்களையே பார்த்துப் பழகிவிட்டேன். இவர் கேஸ் பக்கமே போகவில்லை. மெயின் சுவிட்சை அடைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். போர்டிலிருந்து சென்சர் வயரைப் பிடுங்கி மீட்டரில் வைத்தார். எண்ணே வரவில்லை. வயரை மெல்ல வளைத்ததும் எண் வந்தது, விட்டதும் போனது. மூடியின் விளிம்பு அழுத்தி, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. வெளியே தோலில் கீறல்கூட இல்லை.

"போர்டு நல்லாத்தான்க்கா இருக்கு. சென்சர்தான் 25 டிகிரியில 10 கிலோ ஓம் மின்தடை காட்டணும், சூடு ஏற ஏற இது குறையும்" என்றார். புது சென்சர் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டியிருந்தது. கைவசம் இருந்த வேறொன்றைப் போடலாமே என்று கேட்டேன். 10 கிலோ ஓம் என்று எழுதியிருந்தாலும் சூட்டுக்கு ஏற்பக் குறையும் கணக்கு மாறினால் திரை பொய் சொல்லும் என்று மறுத்துவிட்டார். வந்த புதுசையும் அப்படியே மாட்டவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கித் தண்ணீரில் போட்டு, அதில் முக்கிப் பார்த்தார். மீட்டர் 32 கிலோ ஓமைத் தாண்டி நின்றது. "ஐஸுக்கு இதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, வெப்பம் கடத்தும் பசை தடவித் தொட்டிக்குள் செருகினார். வயரை இந்த முறை விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டினார். மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மீட்டரைக் காட்டினார்.

சென்சர் 65, கூலி 80, மொத்தம் 145 வெள்ளி.

குறையும் உண்டு. காலையில் வருகிறேன் என்றவர் வந்தது மாலை டீ நேரத்துக்கு. ரசீது கேட்டால்தான் எழுதுகிறார். கேட்டு வாங்குங்கள், மூன்று மாத வாரண்டியை அதில்தான் கையால் எழுதித் தருகிறார். மூடியில் ஒரு ஸ்குரூ வேறு காணோம்.

ஞாயிறு கடை இல்லை. கூப்பிடுவதற்கு முன் மிஷினில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் கோளாறு எண்ணையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கக்கூடாது.