முடித்துவிட்டுப் போவதா, போய்விட்டு முடிப்பதா? பழைய பண்ணை வீட்டில் குடியேற நான்கு வழிகள்

பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் மாதக்கணக்கில் பேசும். எந்த நிலையில் அதற்குள் குடிபோவது என்பதை மட்டும் வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியிடமும் பள்ளி திறக்கும் தேதியிடமும் விட்டுவிடும். முதல் ஆண்டில் படப்போகும் பாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டாவது முடிவைப் பொறுத்ததுதான்.

வழிகள் நான்கு. எல்லா வேலையும் முடித்துவிட்டுப் போவது. உடனே போய், இருந்துகொண்டே வேலை பார்ப்பது. இப்போதைய வீட்டை விடாமல் வார இறுதிகளில் மட்டும் போய்வருவது. பண்ணை வீட்டில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்து அதில் குடியேறுவது. செலவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இரண்டாவது ஜெயித்துவிடும். ஆனால் தூசி, தண்ணீர், மழை, வீட்டில் பகலெல்லாம் இருக்கப்போகும் ஆள் ஆகியவற்றையும் சேர்த்து எடை போட வேண்டும்.

முடித்துவிட்டுப் போவது

கேட்பதற்கு இதுதான் விவேகமாகத் தெரியும். சுவரைக் குடைந்து ஒயர் இழுப்பது, பழைய காரையை உதிர்ப்பது, தரையைப் பெயர்ப்பது எல்லாம் ஆளில்லாத வீட்டில் நடந்துவிடும். வேலையாட்களும் வேகமாக முடிப்பார்கள். தினமும் மாலையில் கூட்டிப் பெருக்கி ஒப்படைக்க வேண்டியதில்லை, தண்ணீரை நிறுத்துவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் வாழ்ந்து பார்க்காத வீட்டைத் திருத்துகிறோம். எந்தத் திசையிலிருந்து மழை அடித்தால் எங்கே ஒழுகும், எந்த அறை மாலையில் கொதிக்கும், சமையலறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே நாளைக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. அழகாகக் கட்டி முடித்த குளியலறை தப்பான மூலையில் நிற்பது இப்படித்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். பழைய பண்ணை வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் கல், மண், செங்கல் ஆகியவற்றைச் சுண்ணாம்புக் காரையாலோ மண் சாந்தாலோ இணைத்தவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் முகப்பு வழியாக ஆவியாகி வெளியேறும். சீக்கிரம் காய்கிறது, வழவழப்பாக இருக்கிறது என்று அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். ஈரம் உள்ளே தங்கும், அல்லது பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே போய் வெளிவரும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனியும் அந்த ஈரத்தைக் குடிக்கும். மரத்தில் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போக வழி பிறக்கிறது. இது குடிபோகும் நாளில் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புப் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்கும் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

பணப் பக்கத்தில் இரண்டு விஷயம். வாடகையும் வேலைச் செலவும் ஒரே சமயத்தில் ஓடும், தேதி தள்ளித் தள்ளிப் போகும். பழைய வீட்டு வேலைக்கு மதிப்பீட்டின் மேல் 15 முதல் 20 சதவீதம் வரை தனியாக எடுத்து வைக்கச் சொல்வது வழக்கம். தரையைப் பெயர்த்த பிறகுதான் அது எதற்கென்று புரியும். இன்னொன்று காப்பீடு. வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் திருட்டு, தண்ணீர்க் கசிவு போன்றவற்றுக்கான பாதுகாப்பைக் குறைத்துவிடும் ஒப்பந்தங்கள் பல உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டில் குழாய் கசிந்தால் பார்க்கவும் ஆளில்லை.

போய்விட்டு முடிப்பது

வீட்டின் குணம் தெரிவது இந்த வழியில்தான். முதல் பெருமழையில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கூரையைப் பற்றித் தெரிந்துகொள்வதை எந்த நிபுணரும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட முடியாது. எலி எங்கிருந்து வருகிறது என்பதும் இருந்தால்தான் தெரியும் (சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும்; பழைய கதவடியில் அதைவிடப் பெரிய இடைவெளி தாராளமாக இருக்கும்).

இதெல்லாம் பெரியவர்களுக்குச் சரி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை. காரணம் தூசிதான். உலகின் பல பகுதிகளில் வெகுகாலம் ஈயம் கலந்த பெயின்ட்தான் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்ட்டில் அதற்குத் தடை வந்தது 1978-ல். பழைய கதவையும் சன்னலையும் உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்த ஈயம் பொடியாகித் தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கொட்டகைக் கூரையிலோ தடுப்பிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடையாத தகடு அவ்வளவாகத் தொந்தரவு தராது. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால்தான் இழைகள் காற்றில் கலக்கும். பழுதுபார்ப்பு என்றாலே அறுப்பதும் துளையிடுவதும்தானே.

அடுத்தது தண்ணீர். பண்ணை வீட்டுக் கிணற்றைச் சுற்றிப் பல ஆண்டு உரமும் மாட்டுச் சாணமும் மண்ணில் இறங்கியிருக்கும். அவற்றிலிருந்து கிணற்று நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதற்கு மேல் ஆபத்து. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. கொதி கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை நீக்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே ஆய்வகச் சோதனை முடிவு கைக்கு வராமல் குடிபோகக் கூடாது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு இன்னொரு முறை சோதிப்பது இன்னும் நல்லது.

செப்டிக் டேங்க் வேறு விதமாக ஏமாற்றும். நெடுநாள் ஆளில்லாத வீட்டில் அதன் கழிவு உறிஞ்சும் நிலம் காய்ந்து, பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஐந்து பேர் குளித்து, துணி துவைக்கத் தொடங்கியதும் சில வாரங்களில் அது நிரம்பி எதிர்த்து வரும். அந்தச் சமயத்தில் மற்ற வேலைகள் பாதியில் கிடந்தால் வீட்டில் இருப்பவர்களின் கதி என்ன?

அந்த ‘இருப்பவர்’ யார் என்பதையும் கேட்க வேண்டும். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவர் பெரும்பாலும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுபவர். துளைக்கருவிச் சத்தத்தில் குழந்தையைத் தூங்க வைப்பதும், வேலையாட்களுக்குப் பதில் சொல்வதும், நின்றுபோன தண்ணீருக்கு வழி தேடுவதும் வீட்டில் இருப்பவர் தலையில் விழும். முடிவெடுக்கும் உரிமை அவருக்கே பெரிதாக இருக்க வேண்டும். பல குடும்பங்களில் அவரிடம் கேட்கக்கூட மாட்டார்கள்.

வார இறுதி வழி

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுச் செலவு இருக்கும். வீட்டை அறிந்துகொள்வதும் நடக்காது. சனிக்கிழமை போனதும் பாதி நாள் கூட்டுவதற்கே போய்விடும். பயன்படுத்தாத குழாய் வளைவுகளில் நிற்கும் நீர் வற்றி, சாக்கடை நாற்றமும் பூச்சியும் உள்ளே வந்திருக்கும். பிள்ளைகளுக்குப் புதிய ஊர் சொந்தமாகாது, பழைய ஊர் நண்பர்களோடு கழிக்க வேண்டிய நேரமும் காரிலேயே போய்விடும். வீட்டை வாங்கலாமா என்று முடிவு செய்ய இது உதவலாம். வாங்கிய பிறகு உதவாது.

ஒரு பகுதியில் குடியேறுவது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ‘ஒரு பகுதி’ என்பதைச் சரியாக வரையறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது வழியே வேறு பெயரில் வந்து நிற்கும்.

கூரையில் பாதி என்று எதுவும் கிடையாது. கூரையும் மழைநீர் வடிகாலும் வீடு முழுவதற்கும் முதலிலேயே முடிய வேண்டும். மின்சாரமும் அப்படித்தான்: விளக்கும் பிளக்கும் இரண்டு அறையில் மட்டும் இருந்தால் போதும், ஆனால் எர்த்தும், 30 மில்லியம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்சும் மொத்த வீட்டுக்கும் புதிதாக வர வேண்டும், பழைய ரப்பர் உறை ஒயர்களின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். ஒயருக்காகவும் குழாய்க்காகவும் சுவர் குடையும் வேலையை, பின்னால் பயன்படுத்தப்போகும் அறைகளிலும் சேர்த்து இப்போதே செய்துவிடலாம். ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் சம்பந்தப்பட்ட வேலையும் குடும்பம் வருவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

மிஞ்சுவது இரண்டு அறை, ஒரு கழிப்பறை, ஓர் அடுப்பு, இடையில் இறுகச் சாத்தும் ஒரு கதவு. நிரந்தரச் சமையலறை, தரை, தடுப்புச் சுவர், புதிய சன்னல், வண்ணம் ஆகியவற்றை வெயில், மழை, குளிர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்கும்வரை தொடாமல் இருப்பது நல்லது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு காயும் அவகாசமும் அப்படிக் கிடைத்துவிடும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஐந்து பேர் இரண்டு அறையில் அடைந்து கிடந்தால் சண்டை வரும். பதின்வயதுப் பிள்ளைக்குத் தனி இடம் இல்லாதது பெரியவர்கள் நினைப்பதைவிடப் பெரிய இழப்பு. தற்காலிகமாக வைத்த அடுப்பு மூன்று ஆண்டு அங்கேயே இருந்துவிடும். பணம் தீர்ந்துபோனால் மூடிய அறைகள் மூடியபடியே கிடக்கும். ஆனாலும் கூரை ஒழுகாது, தண்ணீர் சுத்தம், மின்சாரம் உயிரை எடுக்காது. பாதியில் நின்றாலும் வாழக்கூடிய பாதி அது. மற்ற வழிகளில் பணம் பாதியில் தீர்ந்தால் கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, ஆஸ்துமாக்காரரோ இருந்தால் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். அப்போது முதல் வழிதான். குளியலறை தப்பான மூலையில் வந்தாலும் வரட்டும்.